ஜோஷி சாருக்குப் பச்சை பிடிக்கும்

புனேயில் பெண்களுக்கு முகம் கிடையாது. ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையோரம் நின்றதும் நான் முதலில் குறித்துக்கொண்டது இதைத்தான். ஸ்கூட்டரில் போகிற ஒவ்வொருத்தியும் துப்பட்டாவால் தலை, நெற்றி, மூக்கு, வாய் எல்லாவற்றையும் இறுக்கிச் சுற்றியிருந்தாள். கண்கள் மட்டும் வெளியே. முழங்கைவரை வெள்ளை உறை. ஊரே சேர்ந்து வங்கிக் கொள்ளைக்குக் கிளம்பியது போல இருந்தது. தூசிக்காக, புகைக்காக, வெயிலுக்காக என்று பிறகு காரணம் சொன்னார்கள். நான்கு நாள் தங்கிய பின் எனக்கு இன்னொரு காரணமும் தோன்றியது. எதை யார் செய்தார்கள் என்று வெளியே தெரியாமல் இருப்பதை இந்த ஊர் ஒரு நாகரிகமாகவே வைத்திருக்கிறது.

நான் கோயம்புத்தூர்க்காரி. லிஃப்டை ஓட்டும் கட்டுப்பாட்டுப் பலகையும் அதற்குள் உட்கார்ந்திருக்கும் மென்பொருளும் செய்கிற ஒரு கம்பெனியில் வேலை. செய்வது புனேயில்; தெற்கே அதை விற்று, பொருத்தி, திட்டு வாங்குவது எங்கள் கோவைக் கிளை. திட்டு வாங்கும் பிரிவில் நான் இருந்தேன்.

எங்கள் மென்பொருளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜவுளிக்கடை லிஃப்டுக்கு ஒன்று, ஆஸ்பத்திரி லிஃப்டுக்கு ஒன்று என்று நாங்கள் தனித்தனியாக எழுதுவதில்லை. எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெரிய மென்பொருள். அதில் இந்தக் கட்டடத்துக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு ஆம், இல்லை சொன்னால் அந்தக் கட்டடத்துக்கான மென்பொருள் தனியாகப் பிரிந்து வரும். கல்யாணச் சமையல்காரரிடம் பந்திக்கு என்னென்ன என்று சொல்வது மாதிரிதான். பெண் வீடு ஒன்று சொல்லும், மாப்பிள்ளை வீடு ஒன்று சொல்லும், நடுவில் ஒரு மாமா வந்து பாயசத்தை மாற்றுவார். எங்கள் பந்திக்கும் மூன்று வீட்டார் உண்டு. போசரியில் பலகை செய்பவர்கள், மகர்பட்டாவில் மென்பொருள் எழுதுபவர்கள், கராடியில் வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்று கவனிப்பவர்கள். மூவரும் ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கணினித் திரையில்தான் உறவு.

சிங்காநல்லூர்ப் பக்கம் ஓர் எலும்பு ஆஸ்பத்திரி. மூன்றாவது மாடியில் அறுவை அரங்கு. அங்கே பொருத்திய எங்கள் லிஃப்டுக்குத்தான் பைத்தியம் பிடித்திருந்தது. தீ அபாயமணி அடித்தால் லிஃப்ட் கீழே இறங்கிக் கதவைத் திறந்து நிற்க வேண்டும் என்று யாரோ ஆம் சொல்லியிருந்தார்கள். நோயாளியை ஏற்றிச் சாவியைத் திருப்பிவிட்டால் எந்த மணியையும் மதிக்காமல் அரங்குக்குப் போக வேண்டும் என்று இன்னொருவர் ஆம் சொல்லியிருந்தார். அந்த ஆஸ்பத்திரி கேன்டீனில் கடுகு தாளித்தாலே அபாயமணி அடிக்கும். மணல் மூட்டையை ஸ்ட்ரெச்சரில் ஏற்றிச் சோதனை பார்த்தபோது லிஃப்ட் பாதி தூரம் ஏறி, தீ நினைவுக்கு வந்து இறங்கி, நோயாளி நினைவுக்கு வந்து ஏறி, கடைசியில் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்று யோசித்தது. புனேயிலிருந்து புது சிடி அனுப்பினார்கள். அதில் எப்போதும் தீ. அடுத்த சிடியில் எப்போதும் நோயாளி. அதற்கடுத்ததில் மறுபடி யோசனை.

ஆஸ்பத்திரியை நடத்தும் டாக்டரம்மா லிஃப்டைப் பூட்டிவிட்டார். இடுப்பு உடைந்தவர்களை நாற்காலியில் வைத்து நான்கு பேர் படியேறித் தூக்கிப் போனார்கள். எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே ஒரு சிடியோடு வா, அதுவரை வராதே என்று சொல்லி எங்கள் கிளையில் என்னைப் புனேக்கு அனுப்பினார்கள். கிளம்பும் அன்று டாக்டரம்மாவும் போன் செய்தார்.

"கண்ணு, நீ வர்றவரைக்கும் தூக்கறதுக்கு ஆள் போட்டிருக்கறேன். அவங்களுக்கும் இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னா நம்ம ஆஸ்பத்திரிதான். எனக்கொண்ணும் நஷ்டமில்ல, பாத்துக்க."

முதல் நாள் போசரி. ஹடப்சரில் கம்பெனி விருந்தினர் விடுதியில் காலையில் அவல் கொடுத்தார்கள். போஹே என்கிறார்கள். மஞ்சள் நிறம், வேர்க்கடலை, மேலே கொத்தமல்லி, தேங்காய்த் துருவல். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கையில் பின்னணியில் ஒரு சர்க்கரை. இந்த ஊரில் உப்புக்கு ஒரு பாதுகாவலர் போல எல்லாவற்றோடும் சர்க்கரை கூடவே வருகிறது. விடுதி வாசலில் மராத்தியில் ஓர் அறிவிப்புப் பலகை. சமையல்காரரிடம் கேட்டு அர்த்தம் தெரிந்துகொண்டேன்: 'மணியை ஒரு முறை அடித்தால் போதும். எங்களுக்குக் காது கேட்கும். இரண்டாம் முறை அடிப்பவர்களுக்குக் கதவு திறக்கப்படாது.' ஊர் முழுக்க இப்படிப் பலகைகள். கோவையில் இதையே 'தயவுசெய்து' என்று ஆரம்பித்து 'ங்க' போட்டு முடித்திருப்போம், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பலகையில் இவ்வளவு நேராகப் பேசுகிற ஊர் அலுவலகத்தில் எப்படிப் பேசுமோ என்று கொஞ்சம் பயந்தேன். வீண் பயம். அலுவலகத்தில் யாரும் எதுவும் பேசுவதில்லை.

போசரி எனக்கு அந்நியமாக இல்லை. லேத் சத்தம், எண்ணெய் வாசனை, ஷிஃப்ட் முடிந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வரும் கூட்டம். கோவையில் கணபதிப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தால் இப்படித்தான் இருக்கும். பலகைக் குழுவின் தலைவர் ஷிண்டே நாற்பது வயதுக்காரர், சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவர். நான் பேசியது பரீட்சை இந்தி. வாய்மையின் சிறப்பைப் பற்றி அதில் என்னால் இரண்டு பக்கம் எழுத முடியும். ஆட்டோவை நிறுத்த முடியாது. அவர் பொறுமையாகக் கேட்டு, மதியம் தன் டப்பாவைப் பாதி எனக்குத் தந்தார். சோள ரொட்டி, கடலைமாவுப் பிட்லா, பச்சை மிளகாயும் பூண்டும் இடித்த டேச்சா. சர்க்கரை இல்லாமல் புனேயில் நான் சாப்பிட்ட ஒரே சாப்பாடு அது. கண்ணில் நீர் வந்தது, நன்றியாலும்.

தீ என்றால் லிஃப்ட் கீழேதான் வர வேண்டும், இதில் பேச்சே இல்லை என்று ஷிண்டே சொன்னார். ஊழியர்களை வீட்டில் கொண்டுவிடும் போசரி வண்டி ஐந்தரைக்குக் கிளம்பும். ஐந்தேகாலுக்குக் கணினி முன் உட்கார்ந்து கேள்வித் திரையைத் திறந்தார். திரை 'வருக, ஜோஷி சார்' என்றது. அவர் தீயை மேலே வைத்து, நோயாளியை 'இல்லை' ஆக்கிச் சேமித்தார்.

ஜோஷி சார் எங்கள் மென்பொருளுக்கே மூத்தவர், மூன்று குழுவுக்கும் மேலதிகாரி. மகர்பட்டாவில் அறை. அந்தக் கேள்வித் திரையில் இரண்டு பேர் ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொன்னால் அந்த வரி சிவப்பாகும். அப்போது பதவியில் பெரியவர் பதிலைத் திரை எடுத்துக்கொள்ளும். எல்லாரையும்விடப் பெரியவர் ஜோஷி சார். நீங்கள் எப்படி அவர் பெயரில் என்று ஷிண்டேயிடம் கேட்டேன். அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார் தன்னோட பாஸ்வேர்டை எனக்கு மட்டும் குடுத்திருக்கார், மேடம். அவ்வளவு நம்பிக்கை. நீங்க தங்கச்சி மாதிரி, அதனால சொல்றேன். வெளியில போகக் கூடாது."

சத்தியம் செய்தேன்.

இரண்டாம் நாள் மகர்பட்டா. அது ஊருக்குள் வைத்த வேறு ஓர் ஊர். வாசலில் காவலர், உள்ளே புல்வெளி, நீரூற்று, ஒரே உயரத்துக்கு வெட்டிய செடிகள். பாதிக் கட்டடங்களுக்கு இன்னும் சாரம் பிரிக்கவில்லை. பிரித்தவற்றில் கண்ணாடிக்குப் பின்னால் கழுத்தில் அட்டையோடு ஆட்கள். மென்பொருள் குழுத் தலைவர் சீனிவாசனின் தாத்தா காலத்திலேயே கும்பகோணத்திலிருந்து குடும்பம் புனேக்கு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் தமிழ் பேச ஆசைப்பட்டார். ஆசை பெரியது, இருப்பு குறைவு; மிச்சத்தை மராத்தியால் நிரப்பினார்.

"நாஷ்டா ஆச்சா? நீங்கோ டென்ஷன் நக்கோ. எல்லாம் ஹோயீல். நம்மாத்துல ராத்திரி ஜேவணுக்கு வாங்கோ, மதராஸ் சாம்பார் பண்ணச் சொல்றேன்."

போனேன். சாம்பாரில் வெல்லம் இருந்தது. கோவைக்காரி என்பதை மறந்து சாப்பிட்டு முடித்தேன்.

சீனிவாசனுக்குத் தீயும் முக்கியமில்லை, நோயாளியும் முக்கியமில்லை. இரண்டுக்கும் ஆம் சொன்னால்தான் எழுதிய நிரல் அழகாக ஓடும் என்றார். அன்று காலை திரையில் பார்த்தபோது நோயாளிக்கு ஆம், தீக்கு இல்லை என்று இருந்தது. முந்தின நாள் ஷிண்டே என் கண் முன்னால் வைத்தது இதற்கு நேர் எதிர். சீனிவாசன் ஆச்சரியப்படவில்லை. சார் மனசு மாத்தியிருப்பார், வயசாச்சு, மறந்துடறார், நான்தான் தினமும் சரி பண்ணி வைக்கிறேன் என்று வாஞ்சையோடு சொன்னார். ஆறு மணிக்கு மகர்பட்டா வண்டி. அதற்கு முன் அவர் சரி செய்தார். 'வருக, ஜோஷி சார்' என்றது திரை. நான் கேட்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"சார் எனக்கு மட்டும்தான் குடுத்திருக்கார். யார்ட்டயும் பேசிடாதீங்கோ, ப்ளீஸ்."

ஒரே சத்தியத்தை இரண்டாம் முறை செய்வது சுலபமாக இருந்தது.

அன்றே ஜோஷி சாரையும் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல், மேசையில் கோப்பு எதுவும் இல்லை. பணியாள் கொண்டுவந்த சஹாவை எனக்கு முதலில் கொடுக்கச் சொன்னார். இந்த ஊரில் டீயை இஞ்சியும் ஏலமும் போட்டு, பாலைக் கெட்டியாக்கி, விரற்கடை அளவு கோப்பையில் தருகிறார்கள். அவர் அறைச் சுவரில் பெரிய திரை. எங்கள் எல்லாத் தயாரிப்புகளின் எல்லாக் கேள்விகளும் அதில் வரி வரியாக, பச்சையாக. இத்தனை வருஷத்தில் ஒரு சிவப்புகூட இல்லை, மற்ற கம்பெனிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று மென்மையாகச் சொன்னார். ஒவ்வொரு வருஷமும் நல்ல ஒருங்கிணைப்புக்கான பரிசை இந்த அறைதான் வாங்குகிறதாம். கேடயங்கள் வரிசையாக இருந்தன. சிங்காநல்லூரைப் பற்றிச் சொன்னேன். அவர் திரையைக் காட்டினார். சிங்காநல்லூரும் பச்சை.

மாலை டாக்டரம்மா போன் செய்தார். அன்று தூக்கிக்கொண்டு போன ஒரு பெரியவர் பாதிப் படியில், கால் சரியாகிவிட்டது, இறக்கி விடுங்கள், வீட்டுக்குப் போகிறேன் என்றாராம். பயத்தில் எலும்பு கூடுகிறது கண்ணு, நான் படித்த படிப்பெல்லாம் வீண் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

மூன்றாம் நாள் கராடி. ஹடப்சரிலிருந்து ஆறு பேர் உட்காரும் ரிக்ஷாவில் போனேன். ஆறு என்பது அதன் பெயர் மட்டும். உள்ளே பத்துப் பேர், ஓட்டுநரின் இரு பக்கமும் பக்கத்துக்கு ஒருவர், என் மடியில் யாருடையதோ ஒரு வெந்தயக்கீரைக் கட்டு. முண்ட்வா பாலத்துக்கு முன்னால் வண்டி இருமி நின்றது. ஓட்டுநர் திரும்பிப் பார்க்காமலே ஏதோ சொல்ல, பத்துப் பேரும் இறங்கித் தள்ளினார்கள். யாரும் கேள்வி கேட்கவில்லை. யார் எந்தப் பக்கம் பிடிப்பது என்று தகராறும் இல்லை. கனமான ஆட்கள் பின்னால், ஓர் அம்மாள் பைகளைக் காக்க, ஒருவர் எதிரே வரும் லாரிகளை நிறுத்த. என் கம்பெனி மூன்று மாதமாகச் செய்ய முடியாத வேலையை அறிமுகமே இல்லாத பத்துப் பேர் மராத்தியில் முடித்தார்கள். வண்டி கிளம்பியதும் ஓடி வந்து ஏறிக்கொண்டோம். கீரை மறுபடி என் மடிக்கே வந்தது.

கராடி வாசலில் முகம் மூடிய ஒரு ஸ்கூட்டர் என் முன் நின்று, "கௌசல்யாதானே?" என்றது. துணியை அவிழ்க்க அவிழ்க்க உள்ளேயிருந்து சென்னைக்காரி பிரியா வந்தாள். வாடிக்கையாளர் குழுவுக்குத் தலைவி, என்னைவிட இரண்டு வயது பெரியவள். அவர்கள் அலுவலகத்தில் பாதித் தமிழ். கேன்டீனில் 'சவுத் இந்தியன்' என்று ஒரு மூலை, அங்கே இட்லி என்ற பெயரில் சிறு மெத்தைகள். பிரியாவுக்கு எல்லாம் தெளிவாக இருந்தது. ஆஸ்பத்திரி கேட்டது நோயாளி, அதனால் நோயாளிதான், தீயைப் பற்றி டாக்டர் ஒன்றும் கேட்கவில்லையே.

கராடி வண்டி ஆறரைக்கு. ஆறு இருபதுக்கு அவள் திரையைத் திறந்தபோது 'வருக, ஜோஷி சார்' என்று வருமுன்னே நான் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

"உன்கிட்ட மட்டும் சொல்றேன், கௌசி. ஜோஷி சார் என்கிட்ட மட்டும்தான் பாஸ்வேர்ட் குடுத்திருக்காரு. இங்க ஒருத்தனுக்கும் தெரியாது."

அன்று விடுதிக்குத் திரும்புகையில் எல்லாம் விளங்கிவிட்டது. திரைக்கு ஜோஷி சார் ஒருவர்தான். ஒருவர் தன்னோடு தானே முரண்பட முடியாது; மனம் மாறலாம், அவ்வளவுதான். அதனால் சிவப்பே வராது. கடைசியாகச் சேமித்தவர் பதில் நிற்கும். கடைசியாகச் சேமிப்பது யார் என்பதைக் கம்பெனி வண்டிகள் முடிவு செய்தன. வார நாட்களில் கராடி வண்டி கடைசி, ஆகவே நோயாளி. சனிக்கிழமை கராடிக்கு விடுமுறை, போசரிக்கு வேலை, ஆகவே தீ. மகர்பட்டாவுக்குச் சனிக்கிழமை வேலை ஒன்று விட்டு ஒன்று. அந்த வாரங்களில் இரண்டும், அதாவது யோசனை. அடுத்த வேலை நாள் காலையில் யார் என்ன வைத்தார்கள் என்று பார்க்காமல் சிடியில் பதித்து எங்களுக்கு அனுப்பினார்கள். சிங்காநல்லூரில் ஒரு பெரியவரின் இடுப்பு எப்படி மாடியேறும் என்பதை புனேயில் வண்டி ஓட்டுகிற மூன்று டிரைவர்கள் தீர்மானித்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்கே தெரியாமல்.

நான்காம் நாள் மூவரையும் ஜோஷி சார் அறைக்கு வரவழைத்தேன். கோவையிலிருந்து வந்தவளுக்கு மரியாதை என்று மூவருமே வந்தார்கள். ஷிண்டே மோட்டார் சைக்கிளில் நகரத்தின் ஒரு முனையிலிருந்து புழுதியோடு வந்தார். பல வருடம் ஒரே திரையில் குடித்தனம் நடத்தியவர்கள் கை குலுக்கி, நீங்கள்தானா என்று கேட்டுக்கொண்டார்கள். ஷிண்டேயிடம் சிங்காநல்லூர்க் கேள்வியைத் திறந்து காட்டும்படி கேட்டேன். அவர் தயங்கினார். பிறகு விரல் பழக்கத்தில் உள்ளே போய்விட்டார்.

'வருக, ஜோஷி சார்.'

பிரியா திரையைப் பார்த்தாள், பிறகு சீனிவாசனை. சீனிவாசன் ஷிண்டேயை. ஒரே கணவனின் மூன்று வீட்டார் கோயில் வாசலில் சந்தித்துக்கொண்டது போல இருந்தது. தீயும் நோயாளியும் எல்லாருக்கும் மறந்துபோயிற்று. ஷிண்டேதான் அதிகம் உடைந்துபோனார். எனக்கு மட்டும் என்றீர்களே சார் என்று மராத்தியில் கேட்டார். அந்த அளவு மராத்தி எனக்கே புரிந்தது.

ஜோஷி சார் சங்கடப்படவில்லை. தனித்தனியே கேட்டால் சண்டை வரும், சண்டை வந்தால் வேலை நிற்கும், என் பெயரில் செய்தால் அமைதி, மூவருக்கும் நம்பிக்கையைக் கொடுத்தேன் என்று விளக்கினார். அந்தந்த நேரத்தில் யாரிடம் சொன்னாரோ அவரிடம் மட்டும்தானே சொன்னார், அதில் பொய் என்ன என்றும் கேட்டார்.

இனி அவரவர் பெயரில் பதில் சொல்லலாம் என்றேன். அதில்தான் அரை நாள் போயிற்று. சீனிவாசனுக்குத் தன் பாஸ்வேர்ட் என்னவென்று நினைவில்லை. பிரியாவின் கணக்கு பயன்படுத்தாமலே காலாவதியாகியிருந்தது. ஷிண்டேக்குக் கணக்கே திறக்கப்படவில்லை. இந்தக் கம்பெனி ஏட்டில் அவர் இதுவரை எதற்கும் ஆம் என்றோ இல்லை என்றோ சொன்னதில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மூவருக்கும் பெயர் கிடைத்தது. பதில் சொன்னார்கள். சுவரில் சிங்காநல்லூர் மேலிருந்து கீழ்வரை சிவந்தது. ஜோஷி சார் ரத்தம் பார்த்தவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பிறகு ஒரு நல்ல சண்டை நடந்தது. நான் அந்த ஊரில் கேட்ட முதல் நேர்ப்பேச்சு. உன் தீயில் நோயாளி வெந்து போகட்டுமா என்று பிரியா. உன் நோயாளியை மூன்றாம் மாடிக்குக் கொண்டுபோய்த் தீயில் விடட்டுமா என்று ஷிண்டே. இருவருமே என் நிரலைத் தொடாதீர்கள் என்று சீனிவாசன். கத்தி முடிக்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, டாக்டரம்மாவுக்குப் போன் போட்டு எல்லாரும் கேட்கும்படி மேசையில் வைத்தேன். மணி அடிக்கும்போது லிஃப்டுக்குள் நோயாளி இருந்தால் எது முதலில் என்று கேட்டேன்.

"அதை எதுக்குப் பெட்டிகிட்டக் கேக்கறீங்க? அதுக்குத் தீ எது தாளிப்பு எதுன்னு தெரியுமா? உள்ள சாவியோட என்ற நர்ஸு நிக்கறா. தீன்னா கீழ திருப்பட்டும், தாளிப்புன்னா மேல திருப்பட்டும். இது ஒரு பெரிய விஷயமா, கண்ணு?"

தமிழ் தெரியாத ஷிண்டேக்கு நான் மொழிபெயர்த்தேன். சாவிக்கு இரண்டு பக்கம் திரும்புகிற வசதி பலகையில் உண்டு, மென்பொருளில் இல்லை என்பதால் அதற்கு இல்லை போட்டேன் என்றார் ஷிண்டே. மென்பொருளிலும் உண்டு, வாடிக்கையாளர் யாரும் கேட்கவில்லை என்பதால் இல்லை போட்டேன் என்றார் சீனிவாசன். வாடிக்கையாளர் கேட்டார்கள், பலகையில் இல்லை என்று பார்த்ததால் இல்லை போட்டேன் என்றாள் பிரியா. மூவரும் ஒருவரையொருவர் மதித்து ஒரு நல்ல விஷயத்தைக் கொன்றிருந்தார்கள்.

அதன் பிறகு வேலை எளிது. கம்பி இருக்கிறதா என்பதைப் பேச்சால் மாற்ற முடியாது, ஆகவே ஷிண்டே முதலில். கம்பி இருந்தால் அதைக் கேட்கும் நிரல், ஆகவே சீனிவாசன் அடுத்து. இரண்டும் இருந்தால் இந்த ஆஸ்பத்திரிக்கு எது எப்படி, ஆகவே பிரியா கடைசி. ஒருவர் சேமித்தபின்தான் அடுத்தவர் உட்கார வேண்டும் என்று நாற்காலியை ஒன்று மட்டும் வைத்தேன். ஷிண்டே தன் பெயரில் முதல் ஆம் சொன்னபோது, கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்திடுபவர் போலத் திரையை இரண்டு முறை படித்துப் பார்த்தார். வரிகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. ஆனால் தீர்ந்துபோன சண்டைக்கு அடையாளமாக ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் ஒரு சிறு சிவப்புப் புள்ளி நின்றது. அதைத் திரை அழிக்காது.

ஒப்புதல் பெயர் மட்டும் பாக்கி. அது இல்லாமல் சிடி பதியாது. ஜோஷி சார் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். தான் எதிர்க்கவில்லை, முடிவு சரிதான், ஆனால் இதையே மறுபடி தன் பாஸ்வேர்டில் மூவரும் வரிசையாக ஏற்றிவிட்டால் சுத்தமாக இருக்கும் என்றார். மறுபடி அவர் பெயரில் ஏற்றினால், மறுபடி அதை யார் வேண்டுமானாலும் அவர் பெயரிலேயே மாற்றலாம். கடைசி வண்டி கிளம்பும் ஆறரைவரை அதற்கு நேரமும் இருந்தது. முடியாது சார் என்றேன்.

"அப்படியானால் இதன் கீழே என் பெயர் வராது," என்றார் ஜோஷி சார், கோபமே இல்லாமல். "யார் பெயர் வரும்?"

ஷிண்டே மின்விசிறியைப் பார்த்தார். சீனிவாசன் மொபைலை எடுத்தார். பிரியா துப்பட்டாவைக் கட்டத் தொடங்கினாள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. பெயர் கிடைத்து அரை நாள்தான் ஆகிறது, அதற்குள் எவ்வளவுதான் செய்வார்கள். நோயாளியோடு லிஃப்ட் நடுவில் நின்றால் யார் என்று கேட்பார்கள் என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. என் பெயரை அடித்தேன். பதவி வரிசையில் நான் கடைசி. யார் எதைத் தொட்டாலும் என் ஒப்புதல் போய்விடும். அதனால் சிடி பதிந்து முடியும்வரை ஒருவரையும் நாற்காலிப் பக்கம் விடவில்லை.

வாசல்வரை வந்து வழியனுப்பிய சீனிவாசன், திரும்புகிற வழிக்கு என்று ஒரு பொட்டலம் பாகர்வடி கொடுத்தார். ரயிலில் பிரித்தேன். காரம், புளிப்பு, எள், எல்லாவற்றுக்கும் நடுவே, வழக்கம் போல, சர்க்கரை. முழுவதும் சாப்பிட்டேன்.

கோவையில் இறங்கி வீட்டுக்குப் போகாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனேன். சிடியை ஏற்றினேன். வரவேற்பறை ஓரத்தில் இடுப்பில் கட்டோடு ஒரு வயதான அம்மாள் ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்தார். அன்று காலை அறுவை. தூக்கும் ஆட்கள் நால்வரும் நாற்காலியோடு தயாராக நின்றார்கள். மணல் மூட்டை கொண்டுவரச் சொன்னேன். டாக்டரம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு கண்ணு இதுல கையெழுத்துப் போட்டது?"

"நாந்தானுங்க."

"அப்படியா. செருப்பைக் கழட்டிட்டுப் படு."

இன்னொரு ஸ்ட்ரெச்சரில் படுத்தேன். நர்ஸ் என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து சாவியை மேலே திருப்பினாள். கதவு மூடுமுன் டாக்டரம்மா சாம்பிராணிக் கரண்டியை அபாயமணிக்கு நேரே தூக்கிப் பிடிப்பது தெரிந்தது. மணி அலறியது. லிஃப்ட் கிளம்பியது. மல்லாந்து படுத்தால் லிஃப்ட் மிக மெதுவாகப் போகுமா என்று எங்கள் நூற்றுக்கணக்கான கேள்விகளில் எதுவும் கேட்கவில்லை. முதல் மாடி. இரண்டாம் மாடி. அதற்கு மேல், முன்பு நின்று யோசித்த அந்த இடத்தில், பெட்டி லேசாக அதிர்ந்தது. நர்ஸ் என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன்.

மூன்றாம் மாடியில் கதவு திறந்தபோது டாக்டரம்மா படியேறி வந்து மூச்சு வாங்க அங்கே நின்றிருந்தார். பாராட்டுவார் என்று ஒரு கணம் நினைத்தேன்.

"எந்திரி, கண்ணு. கீழ அந்தம்மா காத்துட்டிருக்காங்க."

எழுந்தேன். நர்ஸ் காலி ஸ்ட்ரெச்சரோடு லிஃப்டில் கீழே போனாள். நான் செருப்பை எடுக்கப் படியில் இறங்கினேன்.